ஏகாம்பரம் வண்டியின் சீட் பூட்டு

வேலையிலிருந்து நின்ற பிறகும் பழைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து எனக்கு எப்போதாவது போன் வரும். போன வாரம் பேசியது முருகேசன். என்னோடு பல வருஷம் வேலை பார்த்தவர், இப்போது அங்கே சூப்பர்வைசர்.

"அண்ணாத்தே, பழைய நூறு சிசி வண்டி ஒண்ணு வந்துகீது. சாவி சுத்துது, சீட்டு தொறக்க மாட்டேங்குது. இங்க கீறவங்க எல்லாம் பட்டனை அமுக்கி சீட்டு தொறக்குற வண்டியில வேல கத்துகினவங்க. முழிச்சிகினு நிக்கிறாங்க. இன்னா பண்றது?"

ஒருவர் சீட்டின் பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும் என்றேன். இழுக்கவே கூடாது. சிறிது நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். திறந்துவிட்டதாம். சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்களால தொறக்க முடியாம வுட்ட வண்டி எதுனா கீதா அண்ணாத்தே?"

இல்லை என்றேன். அது உண்மைதான். என் கைக்கு வந்த எல்லா சீட்டையும் திறந்திருக்கிறேன். ஆனால் அவற்றில் ஒன்றைத் திறந்ததற்காக இன்றுவரை நான் ஒரு நாளும் சந்தோஷப்பட்டதில்லை. போனை வைத்த பிறகு அந்த வண்டியைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தேசிங்கு, ஊர் திருநின்றவூர். அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். அம்பத்தூரில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருந்த மோட்டார் சைக்கிள் சர்வீஸ் ஸ்டேஷனில் சேர்ந்தேன். முதலில் வண்டி கழுவினேன், பிறகு ஆயில் மாற்றினேன், அப்புறம் பிரேக், கிளட்ச். அந்த வருஷங்களில் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது எங்கள் ஃபோர்மேன் ஞானப்பிரகாசம் சாரைப் பற்றி.

ஒல்லியான உருவம். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். எந்த வண்டியைத் தொடுவதற்கு முன்பும் கையைத் துணியில் துடைத்துக்கொள்வார். எங்களுக்கெல்லாம் வேலை முடிந்த பிறகு துடைத்துத்தான் பழக்கம், அவருக்கு முன்னாலும் ஒரு முறை. ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தால் வண்டிக்காரரிடம், "உக்காரலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் தப்பாக ஏதாவது கழற்றினால் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, "இதை எதுக்குக் கழட்டின?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்பார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அந்தக் கால நூறு சிசி வண்டிகளில் சீட் பூட்டு ஒரு தீராத தொந்தரவு. சீட்டின் அடியில் ஒரு கொக்கி இருக்கும். சட்டத்தில் ஒரு ஸ்பிரிங் வைத்த கவ்வி. சீட்டை அமுக்கினால் கொக்கி உள்ளே போய்க் கவ்வியில் மாட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் ஒரு ஒயர் கவ்வியை இழுக்க, கொக்கி விடுபடும். மழைத் தண்ணீரும் சேறும் புகுந்தால் எல்லாம் இறுகிவிடும். பேட்டரி சீட்டுக்கு அடியில், அதனால் சீட் திறக்காவிட்டால் எந்த வேலையும் ஓடாது.

பிரகாசம் சார் இதற்கு ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் வண்டிக்காரரிடம், கடைசியாக மூடும்போது என்ன சத்தம் வந்தது என்று கேட்பார். பிறகு சீட்டை அழுத்தியபடி சாவியைத் திருப்பச் சொல்வார். அதற்கும் வராவிட்டால் சைடு கவரைக் கழற்றி, ஒயரைக் குறட்டால் பிடித்து மெதுவாக இழுப்பார். அதற்கும் மசியாவிட்டால் பின் சக்கரத்தின் பக்கம் மல்லாந்து படுத்து, மட்கார்டுக்கு அடியில் கையை விட்டு, பூட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை ரிங் ஸ்பேனரால் கழற்றுவார். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பூட்டு சீட்டோடு ஒட்டிக்கொண்டே மேலே வந்துவிடும். உளியும் சுத்தியலும் அவர் வரிசையிலேயே கிடையாது.

ஒரு முறை போலீஸ்காரர் ஒருவரின் வண்டி இப்படி வந்தது. பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். திறந்தால் உள்ளே ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. மாமியார் வீட்டுக்கு வாங்கினாராம், பூட்டு மாட்டிக்கொண்டதும் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பிரகாசம் சார் சிரிக்காமல் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, "எண்ணிப் பாத்துக்கோங்க சார்" என்றார். அன்று முழுவதும் நாங்கள் சிரித்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஐப்பசியில், ஒரு பிற்பகல். காலையிலிருந்து மழை. சாப்பாடு முடிந்து வேலையில் உட்கார்ந்த நேரம், பக்கத்துத் தெருவில் இருந்த சிறிய நர்சிங் ஹோமின் வாட்ச்மேன் தலையில் கோணிப்பையோடு ஓடி வந்தார்.

"யாராச்சும் ஸ்பேனர் எடுத்துகினு வாங்க நைனா! ரத்தம் சீட்டுக்குள்ள மாட்டிகிச்சு!"

யாருக்கும் புரியவில்லை. பிரகாசம் சார் எதுவும் கேட்காமல் ரிங் ஸ்பேனர்களையும் குறட்டையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

நர்சிங் ஹோம் போர்ட்டிகோவில் ஒரு வண்டி நின்றிருந்தது. அதன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவனை எனக்குத் தெரியும். பெயர் ஏகாம்பரம். நூம்பலில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவன். என் வயதுதான் இருக்கும். போன வாரம்தான் எங்களிடம் வண்டியை சர்வீஸ் விட்டிருந்தான். பிரகாசம் சாரே பார்த்துக் கொடுத்த வண்டி.

"சார், கஸ்தூரிக்கு ரத்தம் நிக்கல சார். கொழந்த பொறந்துருச்சு, அவளுக்கு நிக்கல. ரத்தம் இதுக்குள்ள கீது. தொறந்து வுடுங்க சார்!"

அவன் திக்கித் திக்கிச் சொன்னதிலிருந்து புரிந்தது இதுதான். அவன் மனைவி கஸ்தூரிக்குக் காலையில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிறகு ரத்தப்போக்கு. அவளுடையது கிடைப்பதற்கு அரிய நெகட்டிவ் வகை. பட்டணத்து ரத்த வங்கியில் ஒரே ஒரு பை இருந்திருக்கிறது. அதைத் துணிப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்தவன், வேலப்பன்சாவடி அருகே மழை வலுத்து வண்டி ஒரு முறை சறுக்கியதும் பயந்துவிட்டான். சீட்டைத் திறந்து, அடியில் இருந்த டூல்ஸ் பொட்டலத்தை ரோட்டோரம் வீசிவிட்டு, அந்த இடத்தில் ரத்தப் பையை வைத்து மூடிவிட்டு ஓட்டி வந்திருக்கிறான். இங்கே வந்ததும் சீட் திறக்கவில்லை.

"ரெண்டு கையையும் எடு தம்பி. இழுக்காத" என்றார் பிரகாசம் சார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்திலும் துடைத்தார்.

நான் சீட்டை அழுத்தினேன், அவர் சாவியைத் திருப்பினார். அசையவில்லை. சைடு கவரைக் கழற்றி ஒயரை இழுத்தார். ஒயர் நன்றாகவே நகர்ந்தது, கவ்விதான் வரவில்லை. ஏகாம்பரம் கத்தினான்.

"ஒடைங்க சார்! வண்டி போனா போவட்டும். கடப்பாரை போட்டு ஒடைங்க!"

உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, கஸ்தூரி அவனைக் கூப்பிடுவதாகச் சொன்னாள். அவன் வண்டியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போப்பா. நாங்க எடுத்துகினு வரோம்" என்றேன். ஓடினான்.

அவன் போன பிறகுதான் நான் கீழே பார்த்தேன். பின் மட்கார்டிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. "சார்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் முன்பே பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஈரத் தரையில் மல்லாந்து படுத்து மட்கார்டுக்கு அடியில் கையை விட்டார். சிவப்புத் தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார்.

"டியூபு" என்றார் மெதுவாக. "பையோட டியூபு கொக்கிக்கும் கவ்விக்கும் நடுவுல மாட்டிக்கீது தேசிங்கு. கொக்கி முனை பையில ஏறிக்கீது. மேல இழுத்தா இன்னும் கிழியும். சீட்டை அப்படியே அமுக்கிப் பிடி. மூச்சு வுடுறதுகூட மெதுவா வுடு."

ரத்தப் பையின் தலையில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாய் தொங்கும். அவசரத்தில் அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்காமல் சீட்டை மூடியிருக்கிறான். மூடாமல் அடம்பிடித்ததும் தன் முழு எடையையும் போட்டு அமுக்கியிருக்கிறான். கொக்கி குழாயையும் நசுக்கிக்கொண்டு உள்ளே போய் மாட்டிவிட்டது. பூட்டில் எந்தக் கோளாறும் இல்லை.

போல்ட்டுகளை அவர் ஒவ்வொரு இழையாகத் தளர்த்தினார். எனக்கு அது முடிவில்லாத நேரமாக இருந்தது. கடைசி போல்ட் விழுந்ததும் சீட்டும் பூட்டும் பையும் ஒன்றாக மேலே வந்தன. பையில் கால்வாசிதான் மிச்சம். அதிலும் மழைத் தண்ணீர் கலந்திருந்தது. மற்றதெல்லாம் பூந்தமல்லி ரோட்டின் பள்ளங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தியிருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்து பையைத் தூக்கிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். "இது ஆகாது. வேற கொண்டு வரச் சொல்லுங்க. சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிரகாசம் சார் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் வாயில் நசுங்கிய குழாய்த் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. குறட்டால் அதை இழுத்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் ஏகாம்பரம் வந்துவிட்டான்.

பையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"இன்னா ஆச்சு சார்?"

"பூட்டு ஸ்பிரிங் சரியில்லப்பா. கொக்கி எறங்கி பையைக் குத்திடுச்சு."

"போன வாரம்தான சார் உங்ககிட்ட சர்வீஸ் வுட்டேன்?"

பிரகாசம் சார் எழுந்து நின்றார்.

"ஆமா. நான்தான் பாத்தேன். பூட்டை சரியா பாக்காம வுட்டுட்டேன்."

வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் திரும்ப மூடிக்கொண்டேன்.

அப்போது சண்டை போட நேரமில்லை. ஒர்க்‌ஷாப் வண்டியில் ஏகாம்பரத்தை ஏற்றிக்கொண்டு நான் பட்டணத்துக்கு விரட்டினேன். ரத்த வங்கியில் அந்த வகை இல்லை. பதிவேட்டில் இருந்த ஒரு கொடையாளருக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த மனிதர் மழையில் நனைந்துகொண்டு வந்து படுத்து ரத்தம் கொடுத்தார். பரிசோதனை முடிந்து பை கைக்கு வந்ததும் ஏகாம்பரம் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். வழி முழுவதும் என் முதுகில் அவன் முழங்கைகள் அழுந்திக்கொண்டிருந்தன. "மெதுவா, மெதுவா" என்று ஒரு நேரம் சொன்னான், "சீக்கிரம்" என்று ஒரு நேரம் சொன்னான்.

போர்ட்டிகோவில் பிரகாசம் சார் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். எழுந்த விதமே போதுமாக இருந்தது.

ஏகாம்பரம் சட்டைக்குள்ளிருந்து பையை வெளியே எடுத்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கஸ்தூரியின் காரியம் முடிந்து சில நாள் கழித்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். வாசலில் கஸ்டமர்கள் காத்திருந்தார்கள். நேராக உள்ளே வந்து பிரகாசம் சாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மேல் பொத்தான் அறுந்து தெறித்தது.

"நீதான்யா கொன்ன! ஒரு பூட்டைப் பாத்துக் குடுக்கத் துப்பில்ல, உனக்கு எதுக்குய்யா ஃபோர்மேன் வேல? என் கொழந்த தாயில்லாம கீது. நீ கொலகாரன்!"

நாங்கள் விலக்கப் போனோம். பிரகாசம் சார் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அவன் கத்தி ஓய்ந்து, அழுது, அங்கேயே உட்காரும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

முதலாளி அவரை அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தார். "என் கவனக்குறைவுதான்" என்றாராம். ஊருக்குள் பேச்சு பரவி, வண்டி வருவது குறையத் தொடங்கியிருந்தது. அந்த வாரமே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் தன் ஸ்பேனர்களைத் துடைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"ஏன் சார் இப்பிடிப் பண்றீங்க? நான் பாத்தேனே சார். அவன் அமுக்குனதுதான."

"அந்தக் கொழந்தைய யார் வளக்கப் போறா?"

"அவன்தான்."

"அவன் கையால நடந்ததுன்னு தெரிஞ்சா, அதே கையால எப்பிடித் தூக்குவான் தேசிங்கு?" சாக்கைக் கட்டி முடித்தார். "என்னைத் திட்டினா அவனுக்கு ஒரு வழி கெடைக்கும். எனக்கு இன்னா, வயசாயிடுச்சி. நீ யாருகிட்டயும் பேசாத. எனக்காக."

அவருக்கு வேறு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வேலை கிடைக்கவில்லை. 'ரத்தம் கேஸு' என்றே அவரைச் சொன்னார்கள். பாரிவாக்கம் பக்கத்தில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். சில சமயம் போய்ப் பார்ப்பேன். மேல் பொத்தான் வரை போட்ட சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஒரு முறை குடோனுக்கு வந்த ஆள் ஒருவரின் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு அந்த ஆள் தள்ளிக்கொண்டே போனார். பிரகாசம் சார் ஸ்டூலை விட்டு எழவில்லை. பிளக் ஈரமாக இருக்கும் என்று என்னிடம் மட்டும் சொன்னார். சில வருஷத்தில் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். சாவுக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் காலை ஏகாம்பரம் வந்தான். அதே வண்டி. பூட்டைக் கழற்றிவிட்டு சீட்டைக் கயிற்றால் கட்டியிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் அப்போது அந்த இடத்தில் ஃபோர்மேன்.

"அவரு எங்க கீறாரு?" என்றான்.

"யாரு?"

"உனக்குத் தெரியும்."

இறந்துவிட்டார் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னிக்கு வேலப்பன்சாவடியில சீட்டை அமுக்கும்போது கையில ஏதோ தட்டுப்பட்டுச்சு தேசிங்கு. மெத்துன்னு. எனக்குத் தெரியும். மழையா கீது, அவ அங்க கீறா, போட்டு அமுக்கிட்டேன். அவரு 'நான்தான் பாக்காம வுட்டேன்'னு சொன்னாரு பாரு, அதைக் கெட்டியா புடிச்சிகினேன். அன்னிக்கு அது இல்லைன்னா ரயில்ல தலைய குடுத்திருப்பேன். ஆனா பொண்ணைத் தூக்கும்போதெல்லாம் கையில அந்த மெத்துன்னு இருந்ததுதான் வரும். இப்ப அது ஸ்கூலு போவுது. இன்னும் அதைக் கையப் புடிச்சு ரோடு தாண்ட வைக்க எனக்கு முடில."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அவருக்கு நெசமாவே பூட்டு கெட்டுப்போச்சுன்னு நெனப்பா?"

என்ன சொல்வது? பிரகாசம் சார் போய்விட்டார், இவன் எதிரில் உட்கார்ந்து கேட்கிறான். "இல்ல ஏகாம்பரம். டியூபை அவருதான் எடுத்து பாக்கெட்டுல போட்டாரு" என்றேன்.

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பிறகு, "அவங்க ஊட்டுக்கு என்ன இட்டுகினு போ" என்றான்.

பாரிவாக்கத்தில் பிரகாசம் சாரின் மனைவி லூர்தம்மாள் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஏகாம்பரம் யார் என்று அவருக்குத் தெரியாது. நடந்தது எதையும் வீட்டில் பிரகாசம் சார் சொல்லியிருக்கவில்லை என்பது அந்த அம்மாள் பேசப் பேசத்தான் எனக்கே புரிந்தது.

"நல்ல வேலைப்பா அது. ஏன் வுட்டீங்க, ஏன் வுட்டீங்கன்னு நானும் கேட்டுகினே இருந்தேன். முட்டி வலிக்குது, குந்தி வேல செய்ய முடிலன்னாரு. நானும் தைலம் போட்டுத் தேச்சு வுடுவேன். நீங்களும் அவர்கிட்ட வண்டி வுட்டவருங்களா தம்பி?"

ஏகாம்பரம் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் உதடு அசைந்தது. சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"ஆமாம்மா" என்றான். "நல்லா பாத்துக் குடுப்பாரு."

லூர்தம்மாள் முகம் மலர்ந்தது. வெளியே வந்ததும், "சொல்ல முடில தேசிங்கு. இன்னொரு நாளு தனியா வந்து சொல்றேன்" என்றான்.

அவன் வரவில்லை. லூர்தம்மாள் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். போகும்போதெல்லாம் எனக்கும் ஒரு தைலப் புட்டி எடுத்துக் கொடுப்பார். "குந்தி வேல செய்யுற கை காலு, பாத்துக்கப்பா" என்பார். வாங்கிக்கொண்டு வருவேன். கடைசி வரை அந்த அம்மாள் தன் புருஷன் முட்டி வலியால்தான் வேலையை விட்டார் என்று நம்பியே போய்ச் சேர்ந்தார்.